கொசுறாகப் போட்ட அரை டன்

குளிர் போதவில்லை என்று வந்த புகார்களுக்காக நான் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அதிலெல்லாம் எனக்கு வெட்கம் கிடையாது. என்னைத் தலைகுனிய வைத்தது, அளவுக்கு மேல் கொடுத்த குளிர். குளிர்சாதன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தில் எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நன்றாக முடிந்த வேலைகள் நாலைந்து இருக்கின்றன; அவற்றைத்தான் எழுத நினைத்தேன். பேனாவை எடுத்தால் கை மாமல்லபுரம் பக்கமே போகிறது.

ஆண்டு 1975. இதில் எனக்குச் சந்தேகமில்லை. என் மூத்த மகள் அந்தச் சித்திரையில் பிறந்தாள். தேதிகளை இப்படி எதிலாவது முடிச்சுப் போட்டு வைப்பது என் பழக்கம். மற்றவர்கள் நிகழ்ச்சியை மறந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் அலுவலகம் செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். சீஃப் ஒருவர், நான், இரண்டு மெக்கானிக்குகள். சீஃப்பின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் காலமாகிவிட்டார்; பதில் சொல்ல முடியாதவரைப் பெயர் சொல்லி இழுப்பது முறையல்ல. எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர். கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் கையில் இல்லாமலே ஓர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எத்தனை டன் ஏசி வேண்டும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் கணக்கெல்லாம் முடிந்தபிறகு அவர் செய்யும் ஒரு காரியம் உண்டு. காய்கறிக்காரி எடை போட்டபின் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் போடுவாளே, அதுபோல மேலே ஓர் அரை டன் போடுவார். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயரே கொசுறு.

"தம்பி, குறைஞ்சா வீட்டு வாசல்ல வந்து கத்துவான். கூடினா தீபாவளிக்கு ஸ்வீட் பாக்கெட் அனுப்புவான்" என்பார்.

செங்கல்பட்டில் அது பலித்தது. அந்தக் கோடையில் ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு நான் தனியாகக் கணக்குப் போட்டேன். கருங்கல் குன்றுகள் சூழ்ந்த ஊர். அக்னி நட்சத்திரத்தில் மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலுக்கு என் கணக்கும் சரியாக இருந்தது, கொசுறும் உறுத்தவில்லை. டாக்டர் தீபாவளிவரைகூடக் காத்திராமல் உண்மையாகவே ஸ்வீட் பாக்கெட் அனுப்பினார். நான் கர்வப்பட்டுப் போனேன். கர்வம் வந்த மாதத்தில் புதிய வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சம்பளத்துக்கு உழைப்பவர்களுக்கு அது ஆகிற காரியமில்லை.

அடுத்த வேலை மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு புது லாட்ஜ். கடலைப் பார்த்து வரிசையாக எட்டு அறைகள். முதலாளி தாமோதரன், கருங்குழியில் இருந்த பூர்வீக நிலத்தை விற்று அதைக் கட்டியிருந்தார். வெள்ளைக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குக் குளிர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கட்டியவர் ஏழுமலை மேஸ்திரி. பக்கத்துக் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போக, இவர் ஒருவர் மட்டும் பூச்சுக் கரணையைப் பிடித்தவர்.

ஜன்னலுக்குக் கீழே ஏசி வைக்க ஓட்டை விடவேண்டிய அளவை நான் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டுக் காட்டியபோது மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"இன்னா சார், ஏசி வைக்கவா, எருமமாடு பூந்து போவவா?"

"பெரிய மெஷின், மேஸ்திரி. ஒன்றரை டன்."

"வர்றவன் தூங்க வர்றானா, ஐஸுல வெச்ச மீனு கணக்கா படுக்க வர்றானா?"

கூட இருந்த ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது வெறும் கேலிதான். அவருக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்கவேண்டியவன் நான். கிளினிக்குக்குப் போட்ட கணக்கிலேயே அறையின் நீள அகலத்தை மட்டும் மாற்றி, ஒரு டன் என்று விடை கண்டு, மேலே அரை டன் கொசுறு போட்டிருந்தேன். மருதம் வேறு, நெய்தல் வேறு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன். பின்னாலும் விரும்பி நிறையப் படித்தவன். ஆனாலும் செங்கல்பட்டு வெயிலைப் பொட்டலம் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அந்தக் கரையில் உச்சிவேளைக்கே கடற்காற்று ஏறிவிடும். வெயில் உள்ளே இருப்பதுபோல் அடிக்காது. காற்றில் இருப்பது ஈரம். நியாயமாகப் பார்த்தால் அந்த அறைகளுக்கு முக்கால் டன் போதும். நான் வைத்தது இரண்டு மடங்கு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஏசி இரண்டு வேலை செய்கிறது. சூட்டை இறக்குகிறது, காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது. பிழிவதற்கு அது விடாமல் ஓடவேண்டும். அளவுக்கு மீறிய மெஷின் ஐந்து நிமிடத்தில் அறையைக் குளிரவைத்துவிட்டுத் தூங்கிவிடும். ஈரம் அப்படியே இருக்கும். சுவர் சில்லென்று இருக்கும். விருந்தினர் கடலைப் பார்க்கக் கதவைத் திறப்பார். வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வந்து சுவரில் உட்காரும். ஐஸில் வைத்த சோடா பாட்டில் வேர்ப்பது இப்படித்தான்.

ஆவணி பிறந்து லாட்ஜைத் திறந்தார்கள். சில நாளிலேயே தாமோதரனிடமிருந்து போன் வந்தது.

"சார், என் சுவரு அழுவுது. வந்து பாருங்க."

போனேன். ஐந்தாம் அறையைத் திறந்தபோது நனைந்த துண்டைச் சுருட்டி வைத்ததுபோல் ஒரு வாடை. சுண்ணாம்பு பூத்து உரிந்திருந்தது. மூலையில் கருப்புப் புள்ளிகள். விரலால் தொட்டேன், தண்ணீர் வழிந்தது. முதலாளி மேஸ்திரியைக் கூட்டிவரப் போயிருந்ததால் நான் மட்டும் அறையில் இருந்தேன். எதிரே, கட்டிலுக்கு மேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் என் முகம் தெரியவில்லை. கண்ணாடி முழுவதும் நீர் பூத்திருந்தது.

கண்ணாடிக்கு யாரும் பூச்சு பூசுவதில்லை. சுவரில் குற்றம் என்றால் கண்ணாடி ஏன் நனையவேண்டும்? எனக்குப் புரிய ஒரு கணம்கூட ஆகவில்லை. தவறு சுவரில் இல்லை, ஜன்னலுக்குக் கீழே இருக்கிற என் மெஷினில் இருக்கிறது. எட்டு மெஷின், என் கணக்கு, சீஃப்பின் கையெழுத்து, வீட்டில் கைக்குழந்தை.

வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. நான் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன்.

தாமோதரன் வந்தார், பின்னால் மேஸ்திரி, இரண்டு ஆட்கள், சமையற்காரர். நான் யார்மேலும் பழி சொல்லவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பூச்சுக்கு என்ன மணல் போட்டீங்க, மேஸ்திரி? கடல் மணலா?"

அந்தக் கரையில் இதற்குமேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. காலடியில் இலவசமாகக் கிடக்கிற மணலை அள்ளிப் பூசினால் அதிலிருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும், சுவர் ஆயுசுக்கும் காயாது என்பது அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு கொத்தனாரைத் திருடன் என்று சொல்வதற்கு அங்கே வழங்கும் மரியாதையான முறை அந்தக் கேள்வி. எனக்கு அது தெரிந்தே இருந்தது.

மேஸ்திரியின் முகம் சிறுத்துப்போனது. "இன்னா சார் கேக்கற? பாலாத்து மணலு சார். லாரி லாரியா வந்து எறங்கனத இவுரே பாத்துகினு இருந்தாரு. கேளு."

"லாரி வந்துது" என்றார் தாமோதரன். "லாரியில வந்ததுதான் சுவத்துக்குப் போச்சானு எனக்கு எப்டிய்யா தெரியும்? நான் என்ன ராவும் பகலும் காவலா உக்காந்தேன்? நெலத்த வித்துக் கட்டனேன்யா, பாவி."

"என் புள்ளைங்க மேல சத்தியமா..."

"புள்ளைங்கள ஏன்யா இழுக்கற? இன்ஜினியரு கேக்கறாரு, பதில் சொல்லு."

இன்ஜினியர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டு திரும்பியதும் சீஃப்பிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்ததைச் சொல்லவில்லை. மெஷின் பெரிது என்பதை மட்டும் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "மழைக்காலம் போகட்டும்பா. பனியில காத்து காஞ்சிடும், சுவரும் காஞ்சிடும். அதுக்குள்ள நாம எதுக்கு வாயைக் கொடுக்கணும்?" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நம் தவறை நமக்கு மேலே இருப்பவர் மூடும்போது வருகிற நிம்மதியைப் போல ஆபத்தானது இந்தத் தொழிலில் வேறில்லை.

ஐப்பசியில் ஒருநாள் ஏழுமலை மேஸ்திரி எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் மழையில் நனைந்திருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனதுக்குள் அதற்குத் தயாராகவும் ஆனேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. யோசனை கேட்க வந்திருந்தார்.

"சார், நீ படிச்சவன். இன்னா பண்ணா அந்த சுவரு காயும்னு சொல்லு. அஞ்சாம் நம்பரு ரூம்ல பூச்ச முழுசா கொத்திட்டு என் கைக்காச போட்டு மறுக்கா பூசிட்டேன். மொதலாளி மச்சினன் எதுருல நாக்காலி போட்டு குந்திகினு பாத்தான். அப்பவும் ஊறுது."

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"மணல நாக்குல வெச்சுப் பாத்தேன் சார். உப்பு கரிக்கல. ஆனா நீ கேட்டன்னா சும்மா கேக்க மாட்ட. லாரி ஓட்டனவன் என் மச்சான்தான், தனபாலு. அவந்தான் வழில கலந்து ஏமாத்திட்டான்னு நெனச்சி அவன அடிக்கப் போயிட்டேன். இப்ப பேச்சு வார்த்த இல்ல. எந்தங்கச்சி என் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேங்கறா."

"வேற வேலை எதுவும்..." என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"திருக்கழுக்குன்றத்துல ஒரு கல்யாண மண்டபம். எனக்குத்தான்னு வாயால முடிச்சி வெச்சிருந்தாங்க. அந்த மாரி வேல என் ஜென்மத்துல வந்ததில்ல. இப்ப 'யோசிச்சி சொல்றோம்'னு சொல்லிகினு கீறாங்க. பேஜாரா கீது சார். சுவரு மட்டும் காஞ்சிடுச்சின்னா போதும், நான் போயி காட்டிடுவேன்."

தன் நாக்கைவிட என் கேள்வியை அவர் நம்பியிருந்தார். சொந்த மச்சானைவிட என்னை நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையின் முன்னால் நின்றதுபோல் வேறெங்கும் நான் கூசி நின்றதில்லை. சீஃப்பைப் பார்த்தேன். அவர் தபால்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "நான் மாமல்லபுரம் போயிட்டு வரேன் சார்" என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்த பஸ்ஸில் மேஸ்திரியுடன் போனேன். லாட்ஜில் தங்கியவர் யாருமில்லை; சுவர் காயட்டும் என்று தாமோதரன் மெஷின்களை மட்டும் ஓடவிட்டிருந்தார். எட்டு மெஷின்களையும் நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். முதலில் சுவர்கள் இன்னும் அதிகமாக வேர்த்தன. தாமோதரன் தலையில் கைவைத்துக்கொண்டார். சுவரின் குளிர் இறங்கி, மழையும் விட்டபின் கடற்காற்று தன் வேலையைச் செய்தது. மறுநாள் மதியம் எல்லாச் சுவர்களும் காய்ந்திருந்தன. மேஸ்திரி மறுபடி பூசியதும் காய்ந்திருந்தது, முதலில் பூசியதும் காய்ந்திருந்தது. ஒவ்வொரு அறையாகப் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மேஸ்திரி.

நான் தாமோதரனை அவருடைய ஆபீஸ் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி, மெஷின் தேவைக்கு மேல் பெரிது, நாங்களே மாற்றித் தருகிறோம் என்று சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அப்போ மேஸ்திரி மேல தப்பில்லியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து மேஸ்திரியிடம், "பேசிட்டேன் மேஸ்திரி. எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன்.

"உள்ள பேசுனது உள்ளயே கீது சார்" என்றார் அவர். "அன்னிக்கு நாலு பேரு எதுருல கேட்ட. அந்த நாலு பேரு நாப்பது பேருகிட்ட சொன்னாங்க. வா."

சாலை முனையில் டீக்கடை. லாட்ஜில் வேலை செய்த ஆட்கள், சமையற்காரர், லாரியில் சாய்ந்து நின்ற தனபால், மண்டபக்காரரின் கணக்குப்பிள்ளை என்று அங்கே ஒரு கூட்டமே இருந்தது. சிலரை மேஸ்திரியே வரச்சொல்லியிருக்கவேண்டும்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தக் கரையின் தட்பவெப்பம் ஒரு மாதிரியானது, காற்றில் ஈரம் மிகுதி, அதனால் சுவரில்...

"காத்து மேல போடறான் பாருடா" என்றான் தனபால். "மொதல்ல மணலு. இப்ப காத்து. நாளைக்கு இன்னா, கடல உள்ள தள்ளி வைக்கச் சொல்லுவியா சார்?"

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன். "மணல் நல்ல மணல். பூச்சு நல்ல பூச்சு. நான் மெஷினைத் தப்பா அளந்தேன். அதனாலதான் சுவர் வேர்த்துது."

மேஸ்திரி ஒரு டீ வாங்கி என் கையில் கொடுத்தார். "வுடு சார். கணக்கு தப்பறது யாருக்கும் வரும். நானே ஒரு தபா படிய ஒண்ணு கம்மியா வெச்சி ஊரே சிரிச்சிது. மச்சான், கேட்டுகினியா?" தனபால் மறுபக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் அவன் தோள் இறங்கியிருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. "அன்னைக்குக் கேள்வி கேட்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், மேஸ்திரி" என்றேன். "ரூம்ல இருந்த கண்ணாடியும் நனைஞ்சிருந்துது. நீங்க வர்ற சத்தம் கேட்டுத் துடைச்சிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறவரைப் போல. பிறகு தன் டம்ளரை, பாதி டீயுடன், பெஞ்சில் வைத்துவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். தனபால் லாரியை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினான். "மச்சான், நில்லு மச்சான்!"

மண்டபம் அவருக்குக் கிடைக்கவில்லை. கணக்குப்பிள்ளை கேட்டுப் போய்ச் சொல்வதற்குள் வேறொருவர் கடைக்கால் தோண்டிவிட்டிருந்தார்.

மெஷின்களை மாற்றினோம். சீஃப் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அதற்கான காகிதங்களில் கையெழுத்திட்டார். அதன்பின் கொசுறு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. கழற்றிய ஒன்றரை டன் மெஷின்களில் இரண்டு மதுராந்தகம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் ஆபீஸுக்குப் போயின. அங்கே அவை அருமையாக ஓடின. மெஷினில் ஒரு குறையும் இருந்ததில்லை.

கார்த்திகையில் முக்கால் டன் மெஷின்கள் வந்து இறங்கின. உடல் சிறியவை. நான் விடச்சொன்ன ஓட்டைகளில் வைத்தால் சுற்றிலும் வானம் தெரிந்தது. எட்டு ஓட்டைகளையும் செங்கல் வைத்துச் சுருக்கவேண்டும். தாமோதரன் வேறு யாரையும் கூப்பிட மனமில்லாமல் ஏழுமலை மேஸ்திரிக்கே ஆள் அனுப்பினார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். சாந்து குழைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "அளவு சொல்லுங்க சார்" என்றார். அதுவரை என்னை அவர் நீ என்றே கூப்பிட்டவர்.

நான் புது மெஷினை அளந்து, ஓட்டையை அளந்து, எவ்வளவு அடைக்கவேண்டும் என்று சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு மடியிலிருந்து தன் டேப்பை எடுத்து, மெஷினை ஒரு தரம் அளந்தார், ஓட்டையை ஒரு தரம் அளந்தார். என் அளவு சரியாகத்தான் இருந்தது. அடுத்த அறைக்குப் போனோம். அதே மெஷின், அதே ஓட்டை, அதே அளவு. நான் சொன்னேன். அவர் மறுபடி டேப்பை எடுத்தார்.

எட்டாவது அறை வரைக்கும் அளந்தார்.